தார்ன்சிக்கு ஒரு ஓட்டு

தார்ன்சி,
29 ஏப்ரல் 1974

ஹேடன்,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே என்று கெஞ்சித் தொடங்கலாமா என யோசித்தேன். கிழிப்பதானால் கிழி என்று விட்டுவிட்டேன். போன் பண்ணியிருந்தால் என் குரலைக் கேட்டதும் நீ வைத்திருப்பாய். கடிதம் என்றால் ஒரு முறையாவது படித்துவிட்டுத்தான் கோபப்பட முடியும்.

விஷயம் பேப்பரில் வந்துவிட்டது. கால்பந்து லீக்கின் நான்காம் டிவிஷனில் கடைசி நான்கு டீம்களில் நாங்களும் ஒன்று. சனிக்கிழமை இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால் தப்பித்திருப்போம். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. ஆளே இல்லாத கோலுக்கு முன்னால் நின்ற எங்கள் ஆள் அதைத் தலையால் முட்டி மேலே அனுப்பினான். அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இனி என்ன நடக்கும் என்பது உனக்கே தெரியும். ஜூன் ஏழாம் தேதி லண்டன் ஓட்டலில் நாங்கள் நான்கு பேரும் கையேந்தி நிற்க வேண்டும். எங்களை லீக்கில் வைத்துக்கொள்வதா, வெளியே தள்ளி வேறொரு டீமை எடுப்பதா என்று மேல் டிவிஷன் சேர்மன்கள் ஓட்டுப் போடுவார்கள். வழக்கமாகப் பழைய ஆட்களையே காப்பாற்றி விட்டுவிடுவார்கள். இந்தத் தடவை மில்பரோ வந்து நிற்கிறது. அவர்களிடம் பணம் இருக்கிறது, புது மைதானம் இருக்கிறது. மற்ற மூன்று டீமுக்கும் லண்டனில் வேண்டியவர்கள் உண்டு. தள்ளுவதானால் எங்களைத்தான் தள்ளுவார்கள்.

அபர்டுலஸ் கிளப்பின் ஓட்டு இப்போது உன் கையில். நீ சேர்மன் ஆனதைப் பேப்பரில் பார்த்தேன். வாழ்த்து எழுத நினைத்தேன், எழுதவில்லை.

அந்த ஓட்டு எங்களுக்கு வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று. எங்கள் சேர்மன் ஆல்வுட் மீன் புகைபோடும் தொழில் செய்கிறவர். ஓட்டுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி புகைபோட்ட மீன் ரயிலில் அனுப்புகிறார். வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. வந்தால் தப்பாக நினைக்காதே.

எம்லின் ப்ரோசர்


அபர்டுலஸ்,
9 மே 1974

மாண்புமிகு மேனேஜர் ப்ரோசர் அவர்களுக்கு,

உங்கள் கருவாடு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் இறங்கி, திங்கட்கிழமை வரை வெயிலில் குந்தியிருந்திருக்கிறது. ஆபீஸ் பெண் திறந்து பார்த்துவிட்டு, “யாரோ செத்ததை அனுப்பிருக்காங்க சார், போலீஸக் கூப்பிடட்டா?” என்றாள். பெட்டியை என் பஸ் ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டோம். நேற்று என் பஸ்ஸில் கடற்கரைக்குச் சுற்றுலா போன சேப்பல் பெண்கள் போகும்போதும் வரும்போதும் மூக்கைப் பிடித்துக்கொண்டே பாடினார்களாம். இந்த யோசனையால் தார்ன்சிக்கு எத்தனை ஓட்டுப் போயிற்றோ தெரியாது.

மரியாதை போதும். இனி நீ.

எம்லின், ஒரே தெருவில் பிறந்தோம். ஒரே நாளில் சுரங்கத்தில் இறங்கினோம். ஒரே மாலையில் அபர்டுலஸுக்குக் கையெழுத்துப் போட்டோம். பதினாறு வருஷம் பின்வரிசையில் உன் தோளோடு தோள் ஒட்டி நின்றேன். நீ வேல்ஸுக்கு மூன்று தடவை ஆடினாய், நான் இரண்டு தடவை. நாட்டுக்கு ஆடினால் கொடுக்கும் தொப்பி உனக்கு ஒன்று அதிகம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாய், பொறுத்துக்கொண்டேன். நீ மேனேஜர் ஆனபோது முதலில் குடித்துக் கூத்தாடியது நான்தான்.

பிறகு அந்த மே மாதம். அடுத்த வருஷம் யார் யார் இருக்கப்போகிறார்கள் என்று உடை மாற்றும் அறைக் கதவில் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போனாய். மேலிருந்து கீழே படித்தேன். மறுபடி கீழிருந்து மேலே படித்தேன். துணி துவைக்கும் பியூவம்மா கூடையோடு வந்து, “என்ன கண்ணு, உன் பேரைக் காணோம்? எம்லின் மறந்துட்டானா?” என்றாள். “மறந்திருப்பான்” என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவது கேட்டது.

முந்தின நாள் ஞாயிறு. உன் வீட்டில் மதியச் சாப்பாடு. உன் பெண்டாட்டி நெஸ்டா எனக்கு இரண்டாவது துண்டு பழக் கேக் வைத்தாள். நீ கஸ்டர்ட் ஜாடியை என் பக்கம் தள்ளினாய். வாயைத் திறக்கவில்லை. முப்பத்தாறு வயசு ஆள் நான், பச்சைப்பிள்ளை மாதிரி உன் மேஜையில் உட்கார்ந்து அடுத்த சீசனைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

ஓட்டு வேண்டுமா? வா. என் முகத்தைப் பார்த்து, “ஹேடன், நான் பண்ணினது தப்பு” என்று சொல். ஓட்டை எடுத்துக்கொண்டு போ.

ஹேடன் வாட்கின்ஸ்
(சேர்மன்)


தார்ன்சி,
13 மே 1974

ஹேடன்,

மீனுக்கு வருந்துகிறேன். மற்றதற்கு இல்லை.

நேரில் வந்தாலும் இதையேதான் சொல்வேன், ரயில் செலவு எதற்கு? உன் முழங்கால் போய்விட்டிருந்தது. அது உனக்கும் தெரியும். கடைசி இரண்டு வருஷம் நீ தவறவிட்ட ஆளையெல்லாம் நான்தான் ஓடிப்போய் மறித்தேன். பக்கத்தில் ஓடிய வரைக்கும் ஊர் கண்ணில் படாமல் சமாளித்தேன். மேனேஜர் ஆனபின் நான் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன், அங்கிருந்து எப்படி மறிப்பது? இன்னொரு வருஷம் வைத்திருந்தால் நம் சொந்த ஜனமே உன்னைக் கத்தி விரட்டியிருக்கும். நாளைக்கு அந்த வேலை திரும்பக் கிடைத்தாலும் உன் பெயரை எழுத மாட்டேன்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்கிறாய். எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? அபர்டுலஸில் என்னை நீக்கிய விஷயத்தைப் பேப்பர் விற்கிறவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த கிளப்பில், அவர்கள் கொடுத்த வீட்டுக்குப் புது மேனேஜரின் மனைவி ஜன்னல் அளக்க வந்துவிட்டாள். நெஸ்டா அடுப்பில் உருளைக்கிழங்கு வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் அவள், “இனிமே கிளப் குடுக்கற வீட்ல நான் காலை வைக்க மாட்டேன்” என்று கும்காரன் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு நான் போன இரண்டு ஊருக்கும் அவள் வரவில்லை.

இரண்டு வாரமாக ஆல்வுட்டோடு ஊர் ஊராகப் போய்க் கதவு தட்டுகிறேன். லண்டனில் ஒரு சேர்மன் வீடு. ஆல்வுட்டை உள்ளே அழைத்துப் போனார்கள், என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அரை மணி கழித்து அந்த மனிதர் எட்டிப் பார்த்து, “அட, நீங்க மேனேஜரா? டிரைவர்னு நெனச்சேன். சமையல்கட்டுல டீ குடிச்சீங்களா?” என்று கேட்டார். குடித்தேன் என்றேன். பொய். ஒரு காலத்தில் அவருடைய டீமுக்கு எதிராக நான் இரண்டு கோல் தடுத்திருக்கிறேன்.

தார்ன்சி லீக்கை விட்டுப் போனால் இங்கே பாதிப் பேருக்கு வேலை இருக்காது. எனக்கும் இருக்காது. ஒரு டீமையே லீக்கை விட்டு வெளியேற்றியவனை அப்புறம் யார் கூப்பிடப் போகிறார்கள்? சுரங்கத்துக்குப் போகலாம் என்றால் நம் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். இதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது, ஹேடன். கெஞ்சித்தான் எழுதுகிறேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

எம்லின்


அபர்டுலஸ்,
22 மே 1974

டேய் எம்லின்,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டு மேஜையை அடித்துச் சிரித்தேன். ஆபீஸ் பெண் மறுபடி மீன் வந்துவிட்டதோ என்று பயந்துபோனாள்.

நீ மன்னிப்புக் கேட்டிருந்தால் ஓட்டுக் கொடுத்திருப்பேன், அதோடு உன்னைக் கை கழுவியிருப்பேன். நாய்க்குப் போட்ட மாதிரி இருந்திருக்கும். “உன் பெயரை எழுத மாட்டேன்” என்றாயே, அங்கேதான் என் எம்லினைப் பார்த்தேன். ஆமாம், என் கால் போய்விட்டிருந்தது. பதினொரு வருஷமாக அதை என் பெண்டாட்டியிடம்கூட நான் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது மாடி ஏற ஒரு கம்பி பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உனக்குச் சந்தோஷம்தானே?

ஓட்டு உனக்குத்தான். எங்கள் போர்டில் இரண்டு பேர் மில்பரோ என்று முனகினார்கள். “மில்பரோல எவனாவது உங்களுக்கு மச்சானா?” என்று கேட்டேன், அடங்கிவிட்டார்கள்.

ஒரு சங்கதி. சனிக்கிழமை சந்தையில் நெஸ்டாவைப் பார்த்தேன். இளைத்துவிட்டாள். உனக்கு நெஞ்சில் ஏதோ என்று ஆரம்பித்தாள், பக்கத்தில் யாரோ வரவும் நிறுத்திக்கொண்டாள். என்ன அது? உண்மையைச் சொல். நான் பேப்பர்காரன் இல்லை.

ஹேடன்


தார்ன்சி,
28 மே 1974

ஹேடன்,

ஓட்டுக்கு நன்றி. உன் கடிதம் வந்த அன்றைக்கு எங்கள் பயிற்சிக்காரரைக் கூப்பிட்டு ஒரு பைண்ட் பீர் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார், சும்மா என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ராத்திரி தூக்கம் வந்தது.

நெஞ்சில் ஒன்றும் இல்லை. ஆல்வுட் வீட்டு மீன் தின்று வாயு.

சரி, நீ விடமாட்டாய். பிப்ரவரியில் ஒரு ஆட்டம் நடக்கும்போது கோட்டோரமாக விழுந்துவிட்டேன். காலில் அடிபட்டவனுக்குத் தடவும் அந்த ஈர ஸ்பாஞ்சைத்தான் பயிற்சிக்காரர் எடுத்துக்கொண்டு ஓடி வந்து என் மூஞ்சியில் தேய்த்தார். வேறென்ன செய்வார்? கூட்டம் கைதட்டியது. எழுந்து நின்று கடைசி வரைக்கும் பார்த்தேன், ஒன்றுக்கு ஒன்று சமன். பிறகு டாக்டர், இன்னொரு பனிக்காலம் இப்படிக் கத்திக்கொண்டு நின்றால் நான் பொறுப்பில்லை என்றார். நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். நெஸ்டாவுக்கு அவரே எழுதிவிட்டார், துரோகி. அவள் ஞாயிறுதோறும் எழுதுகிறாள்: விட்டுவிட்டு வா, விட்டுவிட்டு வா. வந்து என்ன செய்வது என்று மட்டும் அவள் எழுதுவதில்லை.

இந்த ஒரு வருஷம் தப்பித்தால் போதும். புதுப் பசங்கள் இரண்டு பேரைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவன் உன்னை மாதிரியே முரடு, கால் மட்டும் நன்றாக இருக்கிறது. டாக்டர் சொல்வது நடந்தால் நடக்கட்டும். வீட்டில் படுக்கையில் கிடந்து போவதைவிடச் சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மைதானத்தில் போகலாம். பாவம், ஆட்டத்தை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

இதை நெஸ்டாவிடம் சொல்லாதே.

எம்லின்


கும்காரன்,
10 ஜூன் 1974

ஹேடன்,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். முடிந்துவிட்டது, உனக்கே தெரியும், அதே கூடத்தில்தான் இருந்தாய்.

முதல் சுற்றில் எங்களுக்கும் மில்பரோவுக்கும் சமமாக வந்தபோது ஆல்வுட் என் கையைப் பிடித்து நசுக்கினார். “பொழைச்சோம்யா, பொழைச்சோம்” என்றார். மறுபடி ஓட்டுப் போடுவதற்கு முன்னால் டீ கொடுத்தார்களே, அப்போது மில்பரோ ஆட்கள் ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து எழுந்தார்கள். நானும் என்னால் முடிந்தவரை எல்லோருக்கும் கை கொடுத்தேன். இரண்டாம் சுற்றில் இரண்டே ஓட்டில் போய்விட்டோம். ஐம்பது வருஷமாக லீக்கில் இருந்த டீம். எண்ணிச் சொன்ன ஆள் தார்ன்சி என்ற பெயரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் ஆல்வுட், “எம்லின், நாளைக்கு நீங்க வர வேணாம். சாமானைப் பின்னால அனுப்பி வைக்கறேன்” என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். ஒன்று சொல்ல வேண்டும், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். அது ஒன்றும் சுகமாக இல்லை, ஹேடன்.

உன்னைத் தேடினேன். படியில் உன் முதுகு தெரிந்தது, கூப்பிட்டேன், கேட்கவில்லை போலிருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாயோ? அந்தக் காலோடு நன்றாகத்தான் ஓடினாய்.

எழுத உட்கார்ந்தது இதற்குத்தான். அந்தக் கூடத்தில் அத்தனை சேர்மன்களில் என்னைத் தெரிந்து, எனக்காக, இரண்டு சுற்றிலும் ஓட்டுப் போட்டவன் நீ ஒருத்தன். மற்றதெல்லாம் ஆல்வுட்டுக்காகவோ மீனுக்காகவோ போட்டது. இங்கே உட்கார்ந்து யோசித்தால் வேறெதுவும் மிச்சமில்லை. அது ஒன்று இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டுதான் நேற்று சாப்பிட்டேன். நன்றிடா.

எம்லின்


அபர்டுலஸ்,
15 ஜூன் 1974

எம்லின்,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நீ நன்றி சொல்லியிருக்கிறாய். அதை வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஓட்டுக்கு மூன்று நாள் முன்னால் நெஸ்டா என் ஆபீஸுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். “ஹேடன், அந்த டீம் தப்பிச்சா அவன் தப்பிக்க மாட்டான். நீ ஓட்டுப் போடாதே” என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். “வாக்கு குடுத்துட்டியா? நல்லது. அடுத்த பிப்ரவரில சவப்பெட்டி தூக்கவும் நீயே வந்துரு” என்றாள். அழவில்லை. எழுந்து போய்விட்டாள்.

ஆனாலும் முதல் சுற்றில் உனக்குத்தான் போட்டேன். சத்தியமாக. வாக்கு வாக்குதான் என்று நினைத்தேன்.

டீ நேரத்தில் நான் ஒதுங்கப் போனேன். மாடிப்படித் திருப்பத்தில் நீ சுவரில் சாய்ந்து நின்றாய். என்னைப் பார்க்கவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. மாத்திரையை வாயில் போட்டாய். கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். பிறகு கைக்குட்டையால் மூஞ்சியைத் துடைத்து, டையைச் சரி பண்ணி, சிரிப்பு ஒன்றை ஒட்டிக்கொண்டு உள்ளே போய், உன்னை டிரைவர் என்று நினைத்த அந்த லண்டன்காரனுக்குக் கை கொடுத்தாய். அவனிடம் நீ சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாம் தாளில் மில்பரோ என்று எழுதினேன்.

நீ கூப்பிட்டது கேட்டது. அதனால்தான் ஓடினேன்.

திட்டு. வந்து அடி. இந்தத் தடவை நான் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். நீ உயிரோடு இருந்தால் எனக்குப் போதும்.

ஹேடன்


கும்காரன்,
22 செப்டம்பர் 1974

ஹேடன்,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போதும் நானாக எழுதவில்லை. நெஸ்டா எழுதச் சொன்னாள்.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். இரண்டு ஓட்டில் தோற்றோம். நீ இந்தப் பக்கம் இருந்திருந்தால் மறுபடி சமன். அதற்குப் பிறகு ஜெயித்திருப்போமோ என்னவோ, தெரியாது. ஆனால் இன்னும் ஒரு சுற்று இருந்திருக்கும். நீ அதைச் செய்ததற்காக நான் கோபப்படவில்லை என்று எழுதினால் பொய். செய்துவிட்டுச் சொன்னாயே, அதுதான் அதைவிடப் பெரிய கோபம். உன் மனசு லேசாக வேண்டும் என்று என் மடியில் இறக்கி வைத்துவிட்டாய். எனக்கு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதை விட்டுவைத்திருக்கலாம்.

நெஸ்டா உன்னிடம் வந்ததை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து உப்பை நகர்த்திக்கொள்கிறோம்.

ஆறு கிளப்புக்கு எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள், மரியாதையாகத்தான். தார்ன்சியை வெளியேற்றியவர் என்று எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. இங்கே தெருவில் எல்லோரும் நல்லபடியாகப் பேசுகிறார்கள். “ஓய்வுல இருக்கியா எம்லின்? கொடுத்து வச்சவன்பா” என்கிறார்கள். சனிக்கிழமை மதியம் ஆனதும் கால் தானாக எழுந்து நிற்கிறது. எங்கே போவது? சேப்பல் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார். இப்படியே இருந்தால் இருபது வருஷம் போகலாம் என்றார். இருபது வருஷம், ஹேடன்.

முந்தாநாள் நெஸ்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஹேடன் கிட்ட எழுதிக் கேளு. டிக்கெட் கிழிக்கிற வேலைன்னாலும் பரவால்ல, புல்லு வெட்டற வேலைன்னாலும் பரவால்ல. நீ இப்படி ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருந்தா நான் செத்துருவேன் எம்லின்” என்றாள். என் உயிருக்காக உன்னிடம் வந்தவள், இப்போது அவள் உயிருக்காக என்னை அனுப்புகிறாள்.

கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். உன் மைதானத்தில் எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?

இருக்கும். நீ சேர்மன், உண்டாக்கிக் கொடுப்பாய். எனக்குத் தெரியும். அங்கே வந்து, நீ மேலே சேர்மன் நாற்காலியில் இருக்க, நான் கீழே வாசலில் நின்று உன் ஜனத்துக்கு டிக்கெட் கிழிக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் நான் ஆடுவதைப் பார்த்தவர்கள், தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

இல்லை என்று எழுது. அவள் பெயருக்கே எழுது, நான் பிரிக்க மாட்டேன். தினமும் தபால்காரன் வரும்போது வாசலுக்குப் போகிறாள், ஆகையால் சீக்கிரம் எழுது.

எம்லின்